மடித்துக் கொடுத்த பொட்டலம்

ரிப்பெல் என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தருவதாக நான் ஒப்புக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கொச்சித் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் காலாண்டு இதழில் எனக்கு ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து, அது எந்த ஊரில் பிறந்தது, யாரோடு ஓடிப்போனது, இப்போது என்ன வேலை பார்த்துப் பிழைக்கிறது என்று எழுத வேண்டும். சம்பளம் கிடையாது. இரண்டு இலவசப் பிரதிகள் உண்டு. ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்வேன். மற்றதை அலுவலக மேசையின் ஓரத்தில், மறந்துபோய் விட்டதுபோல் விட்டுவைப்பேன். யாராவது எடுத்துப் புரட்ட மாட்டார்களா என்ற ஆசைதான்.

வீட்டில் அந்த ஆசைக்கு இடமில்லை. நாங்கள் மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழ் முஸ்லிம்கள். என் மனைவியும் பிள்ளைகளும் தமிழ் பேசுவார்கள், படித்ததெல்லாம் மலையாளம். என் பத்தியில் என் படத்தைப் பார்த்து, முடி இன்னும் கொஞ்சம் இருந்த காலத்தில் எடுத்தது என்று சரியாகச் சொல்வார்கள். அதற்குக் கீழே உள்ளது அவர்களுக்கு வெறும் சுழியும் கொம்பும். வீட்டார் படிக்க முடியாத எழுத்தில் எழுதும் வசதி எல்லாக் கணவன்மார்களுக்கும் கிடைப்பதில்லை. அந்தத் துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி. ரிப்பெல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே ‘பெல்லெரே’ என்றால் தள்ளுவது, அடிப்பது, ஓட்டுவது. மாட்டுக்குப் பின்னால் கம்போடு நடக்கிறவன் செய்கிற அத்தனையும் அதில் அடக்கம். முன்னால் ‘ரி’ சேர்ந்தால், வந்த வழியே திருப்பி ஓட்டுவது. கோட்டையைப் பிடிக்க வந்த படையைத் துரத்துவதும் ரிப்பெல். கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்லி அனுப்புவதும் ரிப்பெல். பார்த்ததுமே முகம் சுளிக்கவைப்பது, தண்ணீரை எண்ணெய் ஒட்டவிடாமல் நிற்பது, ஒரே முனைக் காந்தங்கள் இரண்டு முறைத்துக்கொண்டு விலகுவது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான் வேலைக்குப் போகிறது. பழங்காலத்து ஆங்கில வைத்தியர்கள் உடம்பில் சேர்ந்த கெட்ட நீரையும் வீக்கத்தையும் விரட்டுகிற மருந்தைச் சொல்லவும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கொச்சியில் இந்தச் சொல்லுக்குப் பெருவாழ்வு கொடுத்தது கொசு. இங்கே எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ‘ரிப்பெல்லன்ட்’ தெரியும்.

குடும்பமும் பெரியது. படகுத்துறையில் படகைத் தள்ளும் புரொபெல்லர், பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே போடும் எக்ஸ்பெல், டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கும் பல்ஸ், வங்கிக் கதவில் எழுதியிருக்கும் புஷ் எல்லாம் பெல்லெரேயின் பேரப்பிள்ளைகள். கோர்ட்டில் போடுகிற அப்பீல்கூடத் தூரத்துச் சொந்தம் என்கிறார்கள். ‘ஆக, முறையிட வருகிறவனும் அவனை விரட்டுகிறவனும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள்.’ இந்த வாக்கியம் எனக்குத் தோன்றியபோது என் மேலேயே எனக்கு ஒரு மரியாதை வந்தது. முதலாளி சம்பளம் கொடுக்கிற நேரத்தில், முதலாளி வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில், அந்த வாக்கியத்தைப் பாதி தட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஓர் அம்மா என் மேசை முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு பொட்டலம்.

அதற்கு முன், எங்கள் தெருவில் பொட்டலம் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும்.

நான் வேலை பார்ப்பது மட்டாஞ்சேரி பஜாரில் மிளகும் சுக்கும் ஏலமும் மொத்தமாக வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கிடங்கில். முன்னால் அலுவலகம், பின்னால் முற்றம். முப்பது வருடமாக ஆங்கிலக் கடிதம் எழுதுகிறேன். கூடவே சின்னச் சாம்பிள்களைப் பார்ப்பதும் என் வேலை. சரக்கு விற்க வருகிறவர் ஒரு பிடியைக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவருவார். அதைப் பிரித்து, முகர்ந்து, கடித்துப் பார்க்க வேண்டும். பிறகு பொட்டலத்தைத் திறந்தபடி மேசையில் விட்டுவிட்டால், பேச்சு இன்னும் முடியவில்லை என்று பொருள். மதியத் தொழுகை முடிந்து கீழே வரும் முதலாளி, என் மேசையில் திறந்து கிடப்பதில் ஒரு சிட்டிகை எடுத்துப் பார்ப்பார். மற்றதை மேலே போய்ப் பேசிக்கொள்வார்கள்.

பிடிக்கவில்லை என்றால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. நாளைக்கும் அதே முகத்தில் விழிக்க வேண்டிய தெரு இது. பிரித்த காகிதத்தை நாலு மூலையும் சேர்த்து மறுபடி மடித்து, கொண்டுவந்தவர் கையிலேயே மரியாதையாகக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டில் எல்லாருக்கும் சுகமா என்று விசாரித்துவிட்டுப் போவார். மடிக்கிறபோது சரக்கைப் புகழ்வதும் மரபு. வாங்கப்போகிறவன் குறைதான் சொல்வான். புகழ்ச்சி நீள நீள, வந்தவர் பையைத் தோளில் மாட்டத் தயாராகிவிடுவார். முப்பது வருடத்தில் நான் மடித்த பொட்டலங்களுக்குக் கணக்கில்லை. அவற்றைப் பற்றி முதலாளிக்குத் தெரியவே தெரியாது.

இனி அந்த அம்மா. எங்கள் பின்முற்றத்தில் சுக்கு புடைக்கும் பெண்களில் அவர் ஒருவர். சுக்கை உதறி, சல்லடையில் போட்டு, உடைசலையும் தூசியையும் பிரிக்கிற வேலை. வெளுப்பான சுக்கில் சுண்ணாம்பும் இருக்கும். சாயங்காலம் அந்தப் பெண்கள் முற்றத்தை விட்டு வரும்போது புருவம்வரை வெள்ளையாக இருப்பார்கள். இவர் போடிப் பக்கத்துக்காரர். புருஷனுக்கு இங்கே ஓட்டல் சமையலறையில் வேலை கிடைத்ததால் வந்து, பள்ளுருத்தியில் குடியிருந்தார். எல்லாரும் போடிக்காரம்மா என்றார்கள், நானும்.

என் மேசை ஓரத்தில் நான் ‘மறந்துபோய்’ விட்டுவைக்கும் இதழை முப்பது வருடத்தில் எடுத்துக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். படிச்சிட்டுத் தர்றேன் சார் என்று வாங்கிப்போய், மறுநாள் சுக்குத் தூசி படாமல் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தருவார். எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த ஒரே வாசகியின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு இருந்தது, அவர் என் எழுத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும்வரை.

ஜிஞ்சர் என்ற சொல்லைப் பற்றி நான் எழுதியிருந்த இதழ் அது. பத்து மணி சாயாவுக்குக் கிடங்கு வாசலில் எல்லாரும் நின்றிருந்தோம். சாயாக்கடைச் சேட்டன், மூட்டை எடை பார்க்கும் மேஸ்திரி, சுக்குப் பெண்கள், நான். போடிக்காரம்மா இதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

“எழுத்து நல்லாருக்கு சார். ஆனா ஒரு எடத்துல, இஞ்சியக் காயவச்சு பெறகு தோலச் சீவுறதுன்னு போட்டிருக்கீங்க. காஞ்ச பெறகு சீவுனா கத்திதான் சார் தேயும். பச்சையா இருக்கையிலயே சீவிப்புடணும்.”

மேஸ்திரி என் பக்கம் திரும்பவே இல்லை. சாயாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “முப்பது வர்ஷமாயி சாரு இஞ்சி ஆபீஸில் இருக்காரு. ஆபீஸிலிருந்து இஞ்சிக்கு நாப்பது அடி தூரம். பாவம், வழி தெரிஞ்சிருக்காது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மற்றவர்களைவிட ஒரு பிடி அதிகமாகவே. அந்த வாரம் முழுக்கச் சேட்டன் எனக்கு இஞ்சிச் சாயா கொடுக்கும்போதெல்லாம், சாருக்குத் தோல் சீவியதா சீவாததா என்று முகத்தை மாற்றாமல் கேட்டார். பகடி எழுதுகிறவன் பகடியைத் தாங்க வேண்டும் என்று நானே எங்கேயோ எழுதியிருக்கிறேன். எழுதுவது சுலபம்.

இரண்டு மாதம் கழித்துத்தான் அவர் பொட்டலத்தோடு வந்தார். நான் மேலே சொன்ன பாதி வாக்கியத்தில் இருந்தேன். உள்ளே இருந்தது சுக்குமல்லிப் பொடி. சுக்கும் மல்லியும் மிளகும் திப்பிலியும் போட்டு, கருப்பட்டித் தண்ணீரில் கொதிக்கவைத்துக் குடிப்பது. முதலாளி அப்போது கிடங்கின் முன்னறையைச் சுற்றுலாக்காரர்களுக்கான கடையாக மாற்றிக்கொண்டிருந்தார். ஓர் அலமாரித் தட்டு காலியாக இருந்தது. போடிக்காரம்மா தைரியமாக முதலாளியிடமே கேட்டுவிட்டார். பொடியைச் சாரின் மேசையில் வை, பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மா நின்றபடியே இன்னொன்றும் சொன்னார். கொஞ்ச நாளாக மூச்சு இழுக்கிறது. தூசியிலிருந்து எழுந்து போனால்தான் மருந்து வேலை செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தத் தட்டு கிடைத்தால் வீட்டில் உட்கார்ந்து பொடி அரைத்துப் பிழைத்துக்கொள்வேன், முற்றத்துக்கு வர வேண்டாம். இதைச் சொல்வதற்குள் நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். ஒரு கண்ணால் அவரையும் ஒரு கண்ணால் திரையையும் பார்த்துக்கொண்டு இதைக் கேட்டேன்.

பொட்டலத்தைப் பிரித்தேன். மூக்குக்கு அருகே கொண்டுபோனேன். பிறகு பேசத் தொடங்கினேன். நிறம் அருமை என்றேன். அரைப்பு நைசாக இருக்கிறது என்றேன். மல்லி சரியான பதத்தில் வறுபட்டிருப்பது மணத்திலேயே தெரிகிறது, இந்தக் கைப்பக்குவம் இப்போது யாருக்கு வரும் என்றெல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போது என் இரண்டு கைகளும் காகிதத்தின் நாலு மூலையைச் சேர்த்து மடித்தன. நான் பொட்டலத்தை நீட்டினேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். தினமும் அந்த வாசலில் எத்தனையோ பேர் மடித்த பொட்டலம் வாங்கிப் போவதைப் பார்த்தவர். சரிங்க சார் என்றார். வாங்கிக்கொண்டு, வீட்ல எல்லாரும் சுகமா என்று கேட்டார். மரபு தவறாமல். பிறகு முற்றத்துக்குப் போய்விட்டார். நான் பாதியில் விட்ட வாக்கியத்தை முடித்தேன். ‘ஒரே வீட்டில் பிறந்தவர்கள்’ என்பதற்குப் பின்னால் முற்றுப்புள்ளியா ஆச்சரியக்குறியா என்று கொஞ்சம் யோசித்தேன் என்பதும் நினைவிருக்கிறது.

இத்தோடு நின்றிருந்தால் கைப்பழக்கம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பின்னால் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் மதியம் முதலாளி கீழே வந்தார். என் மேசையைப் பார்த்துவிட்டு, போடிக்காரம்மாவின் பொடி வரவில்லையா என்றார். அந்த அம்மா நாற்பது அடி தூரத்தில்தான் இருந்தார். கூப்பிட்டால் அரை நிமிடத்தில் பொட்டலம் வந்திருக்கும். நான் சொன்னேன்: பார்த்தேன், சாதாரணம்தான்.

முதலாளி தலையாட்டிவிட்டு மேலே போனார். முப்பது வருடத்தில் சாம்பிளைப் பற்றி நான் சொன்ன எதையும் அவர் இரண்டாம் தடவை கேட்டதில்லை. அடுத்த வாரம் அந்தத் தட்டு, காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மசாலா செய்யக் கிளம்பிய இரண்டு இளைஞர்களின் டப்பாக்களுக்குப் போனது. டப்பா அழகாக இருக்கும். மேலே பாட்டியின் கைமணம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அந்த ஆங்கிலம் நான் எழுதியது.

வீட்டில் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிப் பார்த்தேன். பேசிக்கொண்டே இருந்தேன், கை தன் பாட்டுக்கு மடித்துக் கொடுத்துவிட்டது என்று. என் மனைவி நன்றாகவே சிரித்தாள். பிறகு மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஒடனே திரும்ப விளிச்சிருக்கலாமல்லே? கூப்பிட்டா வந்திருப்பாங்களே.”

சோறு ஆறுகிறது என்றேன். அடுப்பில் சோறு அப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருந்தது.

ரிப்பெல் பற்றிய பக்கத்தை நான் அனுப்பவில்லை. வேறொரு சொல்லை எடுத்து எழுதி அனுப்பினேன். இதழ் வந்தது. மேசை ஓரத்தில் வைத்தேன். அது அங்கேயே கிடந்தது. போடிக்காரம்மா தினமும் அந்த மேசையைத் தாண்டித்தான் முற்றத்துக்குப் போவார். குட் மார்னிங் சார் என்பார். இதழைக் கேட்கவில்லை.

மழைக்காலம் வந்ததும் அவர் வாரத்தில் மூன்று நாள் வந்தார், பிறகு ஒரு நாள், பிறகு வரவில்லை. நானாகக் கேட்கவில்லை, மேஸ்திரிதான் எடைத் தராசைத் துடைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். பாவம், மருந்தை வாயில் அடித்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறாளாம், இப்போது அதுவும் முடியவில்லையாம். அவர் அன்று வாசலில் நின்று நான் மடித்ததைப் பார்த்தவர். அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளுருத்திக்குப் பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் வசனத்தைச் சரிபார்த்துக்கொண்டே போனேன். எழுதுகிறவனுக்கு மன்னிப்புக் கேட்பதும் ஒரு பத்திதான். தொடக்கம் வலுவாக இருக்க வேண்டும், நடுவில் ஒரு நகைச்சுவை வேண்டும். இறங்கிக் கேட்டுக் கேட்டு அந்தச் சந்தைக் கண்டுபிடித்தபோது, காயலில் நீர் ஏறி, சந்து முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பேன்டை மடித்துவிட்டு, ஒரு கொக்கைப்போல் நடந்தேன். இந்தக் கோலத்தில் வலுவான தொடக்கம் சாத்தியமில்லை.

போடிக்காரம்மா வாசலில் ஈர்க்குமாற்றால் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளுவார், அது கொஞ்சம் போய்விட்டுத் திரும்பி வரும். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. படியில் ஏறி நிற்கச் சொன்னார். நான் தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அன்றைக்கு வேறு ஏதோ யோசனையில் இருந்தேன், கை பழக்கத்தில் மடித்துவிட்டது, மனதில் ஒன்றும் இல்லை.

அவர் இன்னும் இரண்டு வீச்சு தண்ணீரைத் தள்ளினார்.

“கையி பழக்கத்துல மடிச்சிருச்சு. சரி சார். மல்லி நல்லா வறுபட்டிருக்குன்னு சொன்னீங்கள்ல, அது?”

ஆமாம், சொன்னேன் என்றேன்.

“நான் வறுக்கவே இல்ல சார். வெயில்ல காயவச்சு அரைச்சது. அதுல ஒரு சிட்டிக நாக்குல வச்சவுக யாரும் தண்ணி தேடாம இருந்ததில்ல. பாட்டிலு ஒங்க மேசையிலயே இருந்துச்சு. நீங்க அது பக்கமே போகல.”

படியில் தண்ணீர் என் பெருவிரலைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் வாயில் வைத்துப் பார்க்கவில்லை என்று சொன்னேன். எதுக்கு சார் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த இஞ்சி விஷயம் என்றேன். தோல் சீவுவது.

அவருக்குப் புரியவில்லை. எந்த இஞ்சி என்றார். சாயாக்கடை வாசலில் நீங்கள் சொன்னது, எல்லாரும் சிரித்தது என்று நான் விளக்க வேண்டியிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவன், ஒரு கையில் செருப்போடு, தன்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று முறையிடுகிறேன். பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

“அதுக்கா சார்?”

சிரிக்கத் தொடங்கினார். நல்ல சிரிப்பு. அது இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. ஈர்க்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே கையை நீட்டி மருந்துக் குழாயை எடுத்து இரண்டு தடவை இழுத்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன். எவ்வளவோ பேரைச் சிரிக்கவைக்க முயன்று தோற்றவன் நான். அன்றைக்கு வெற்றி பெற்றேன்.

மூச்சு அடங்கியதும், முதலாளியிடம் நான் சொல்கிறேன் என்றேன்.

“என்னன்னு சொல்லுவீங்க?”

பொடி நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அதை நான் தின்று பார்த்ததே இல்லை என்பது அவர் கேட்ட பிறகுதான் உறைத்தது. அவர் எழுந்து உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டப்பாவையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் கொண்டுவந்தார். நான் பொட்டலத்துக்காகக் கையை நீட்டினேன்.

“பொட்டலம் கட்டல சார். கைய விரிங்க.”

ஒரு கரண்டிப் பொடியை என் உள்ளங்கையில் கொட்டினார்.

“இத மடிச்சுத் தர முடியாதுல்ல.”

ஒரு சிட்டிகை போதும் என்று தெரிந்தும் முழுவதையும் வாயில் போட்டுக்கொண்டேன். முதலில் மல்லி வந்தது, பிறகு சுக்கு. அதற்குப் பின்னால் திப்பிலி வந்து காதுவரை ஏறியது. கண்ணில் நீர் கொட்டியது. அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நான் நன்றாக இருமி முடித்த பிறகுதான் கொடுத்தார். இப்பப் போய்ச் சொல்லுங்க என்றார்.

மறுநாள் காலையில் மாடிக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். அந்தப் பொடியை அன்று நான் பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொன்னேன், நேற்றுப் பார்த்தேன், நல்ல பொடி. பஸ்ஸில் இதற்கு ஒரு முன்னுரையும் யோசித்திருந்தேன், அதைச் சொல்ல வாய் வரவில்லை. முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதுபோல இதற்கு முன்னால் எத்தனை என்று மட்டும் கேட்டார். இந்த ஒன்றுதான் என்றேன். அது உண்மை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மடித்துக் கொடுத்த எதையும் யாரும் திரும்பப் பார்த்ததில்லை என்பதால் எனக்கே நிச்சயமில்லை. அன்று முதல் நான் பார்த்த சாம்பிளை அவரும் ஒரு தடவை பார்க்கிறார். மடிக்கிற உரிமையும் போய்விட்டது. வந்தது எல்லாம் மதியம்வரை திறந்தே கிடக்க வேண்டும்.

பொடியைக் கொண்டுவரச் சொல்லும்படி முதலாளி மேஸ்திரியிடம் சொல்லி அனுப்பினார். என்னிடம் சொல்லவில்லை. பத்து நாள் ஒன்றும் வரவில்லை. அந்தப் பத்து நாளில் போடிக்காரம்மா வர மாட்டார் என்று எனக்கு உறுதியானது. அவருடைய இடத்தில் இருந்தால் நான் வந்திருக்க மாட்டேன்.

பதினோராம் நாள் காலைச் சாயா குடித்துவிட்டு வந்தபோது என் மேசையின் நடுவில் ஒரு பொட்டலம் திறந்து கிடந்தது. காற்றில் பறக்காமல் இருக்க அதன் மூலைகளில் என் ஸ்டேப்ளரையும் பேப்பர் வெயிட்டையும் வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்று மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் ஒரு மூட்டையைப் பார்த்தார்.

மின்விசிறியை நிறுத்தினேன். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் தொடையின் மேல் வைத்துக்கொண்டேன். முப்பது வருடம் ஒரே வேலை செய்த கைகள். என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. கூரியர்காரர் வந்து கையெழுத்துக் கேட்டார். நாளைக்கு வாங்க என்றேன். சாருக்குக் கையில் அடிபட்டிருக்கா என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த வெக்கையில் மூன்று மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தொழுகை முடிந்து முதலாளி கீழே வந்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு மேசை விளிம்பைப் பிடித்தார். கண் சிவந்தது. தண்ணீர் என்று கேட்க வாயைத் திறந்து, கேட்க முடியாமல் என் பாட்டிலைச் சுட்டிக் காட்டினார். நான் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கையை எடுத்துப் பாட்டிலைத் தள்ளினேன். அவர் குடித்தார். இன்னொரு சிட்டிகை எடுத்தார். பொட்டலத்தை அப்படியே திறந்து விட்டுவிட்டு மாடிக்குப் போனார்.

இப்போது அந்தப் பொடி கடையில் இருக்கிறது, டப்பாக்களுக்குக் கீழே உள்ள தட்டில். அதன் மேல் ஒட்டுகிற சீட்டுக்கு ஆங்கிலம் நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வேண்டாம், பக்கத்து வீட்டுப் பெண் எழுதிக் கொடுத்துவிட்டது என்று மேஸ்திரி மூலமாகப் பதில் வந்தது. போடிக்காரம்மா முற்றத்துக்கு வருவதில்லை. பொடியும் மேஸ்திரி கையில்தான் வருகிறது. இருமல் குறைந்ததா என்று அவரைக் கேட்டேன். மழைக்கு முன்னாலேயே தூசியை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். நான் மடித்த நாள் மழைக்கு நாலு மாதம் முன்னால்.

ரிப்பெல் பற்றிய பக்கம் இதுதான். அந்த ஒரே வீட்டில் பிறந்தவர்கள் என்ற வாக்கியத்தை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அது எழுதப்பட்ட நேரம் என்ன என்பது தெரியட்டும் என்று விட்டிருக்கிறேன். இதழ் அச்சாகி வந்ததும் இந்தத் தடவை என் மேசை ஓரத்தில் வைக்கப்போவதில்லை. இரண்டு பிரதியில் ஒன்றை மேஸ்திரியிடம் கொடுத்துப் பள்ளுருத்திக்கு அனுப்பப்போகிறேன். இஞ்சியைப் பற்றி இதில் ஏதாவது தப்பு இருந்தால் அவர் சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல் நாலாக மடித்துத் திருப்பி அனுப்பினாலும், கை நீட்டி வாங்கிக்கொண்டு, வீட்டில் எல்லாரும் சுகமா என்று மேஸ்திரியிடம் கேட்பேன்.